மேற்குக் கரை ஆமணக்கு

ராணியம்மாளின் கிணற்றுக்கு மேற்குக் கரையில் ஏழு ஆமணக்குச் செடிகள் வரிசையாக நின்றன. யாரும் நட்டதில்லை. போன வருஷம் காய் வெடித்துச் சிதறிய விதைகள், கிணற்றிலிருந்து இறைத்துவிட்ட தண்ணீர் அந்தப் பக்கத்து வாய்க்காலில் ஓடியதால் முளைத்து, இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. கிணற்றை ஆழப்படுத்த வந்த கூட்டத்தில் சகாயமேரியைத் தவிர வேறு யாரும் அவற்றைத் திரும்பிப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் அந்த வரிசையின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது செடியின் தண்டை அடியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே போனாள். அடித்தண்டு கிணற்றுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒரு முழத்துக்கு மேலே ஒரு வளைவு. அங்கிருந்து தண்டு கொஞ்சம் நிமிர்ந்து போயிற்று. இன்னும் ஒரு சாண் தள்ளி இரண்டாவது வளைவு. அதற்கு மேலே நுனி மட்டும் நேர் செங்குத்தாக நின்றது. கீழ் வளைவை நிமிர்த்திப் பார்த்தாள். முற்றிப்போயிருந்தது, அசையவில்லை. மேல் வளைவு இன்னும் பச்சை. விரல் அழுத்தத்துக்கு இளகிக் கொடுத்தது.

அடுத்த செடியைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். ஏழும் அப்படியே இருந்தன. எழுந்து கிணற்றைச் சுற்றிக் கிழக்குக் கரைக்குப் போனாள். அங்கே மூன்று ஆமணக்குகள் இருந்தன. மூன்றும் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு கோணலும் இல்லாமல் நின்றன.

அறுபதடி ஆழக் கிணறு அது. மேலே இருபதடி மண்ணும் சுக்காங்கல்லும், அதற்குக் கீழே பாறை. உள்ளே இறங்குவதற்கு இருக்கிற ஒரே படிக்கட்டு மேற்குக் கரையில்தான். அவள் புருஷன் சவரி அந்தப் படிக்கட்டின் தலைமாட்டில் நின்று, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, செத்த நில்லுங்க."

"என்னா மேரி?"

"இந்தக் கரை நகருதுங்க. ஆமணக்கு ரெண்டு தடவ சாஞ்சிருக்குது. இன்னிக்கு எறங்க வேணாம்."

சவரி செடிகளையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். பின்னால் அவன் தம்பி அருள்நாதனும் வேறு இரண்டு ஆட்களும் பாறையில் குழி போடுகிற ஜம்பர் கம்பியும் சம்மட்டியுமாக வந்துகொண்டிருந்தார்கள். "செடி சாஞ்சதுக்கெல்லாம் வேலைய நிறுத்துனா மேஸ்திரி நம்மள ஊருக்குத்தான் அனுப்புவாரு. போ, போயி உன் வேலையப் பாரு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தான்.

சகாயமேரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பிறந்தது மொரப்பூருக்குப் பக்கத்தில், ராகியும் கொள்ளும் விளைகிற மேட்டுக்காட்டுக் குடும்பத்தில். எட்டாவது வரைக்கும் படித்தாள். பத்தொன்பது வயதில் சவரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள்; இரண்டு பேரும் கன்னியாஸ்திரீகளின் போர்டிங்கில் இருந்தார்கள். எண்பத்தொன்றில் தீர்த்தமலை போகிற ரோட்டோரத்தில் வனத்துறைக்காரர்கள் ஒரு நாற்றுப்பண்ணை போட்டார்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நடுவதற்கு வேம்பு, புளி, வேலங்கன்றுகள் வேண்டியிருந்தன. சகாயமேரி அங்கே நான்கு வருஷம் வேலை செய்தாள். பாலிதீன் பையில் மண் நிரப்புவது, விதை போடுவது, தண்ணீர் தெளிப்பது. கடைசியில் கன்றுகளைப் பிரித்து லாரிக்கு அனுப்புவது. நேராக நிற்கிற கன்று லாரியில் ஏறும், கோணல் கன்று குப்பைக்குப் போகும். அந்தப் பிரிக்கிற வேலை அவளுடையது.

கோணல் எதனால் வருகிறது என்று அவள் கண்ணாலேயே படித்துக்கொண்டாள். ஆடு புகுந்து பைகளைத் தள்ளிவிட்டால் காவல்காரன் எடுத்து நிறுத்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பீடி பிடித்துக்கொண்டிருப்பான். ஆனால் கன்று காட்டிக்கொடுத்துவிடும். காலையில் விழுந்த கன்று சாயங்காலத்துக்குள் நுனியைத் தூக்கும். இரண்டு நாள் கிடந்தால் நுனி முழுக்க மேலே திரும்பிவிடும். நாலு நாள், ஐந்து நாள் ஆனால் அந்த வளைவு முற்றி மரமாகிவிடும். அப்புறம் பையை எடுத்து நிறுத்தினாலும் கோணல் போகாது. கன்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்து, "இது வெள்ளிக்கெழம விழுந்தது" என்பாள். காவல்காரன் அசடு வழிவான்.

ஒரு தடவை, மழைக்குப் பயந்து தகரக் கொட்டகைக்குள் அடுக்கிய பைகள் சரிந்துவிட்டன. பூட்டிய கொட்டகையை இரண்டு நாள் கழித்துத் திறந்தார்கள். உள்ளே கும்மிருட்டு. ஆனாலும் எல்லாக் கன்றும் தலையை மேலே தூக்கியிருந்தது. செடி வெளிச்சத்தைத் தேடித்தான் நிமிர்கிறது என்று அதுவரை நினைத்திருந்தவள் அன்றைக்கு வெகுநேரம் யோசித்தாள். பயிற்சி கொடுக்க வந்த ஒரு அதிகாரியிடம் கேட்டும் விட்டாள். அவர் சொன்னார்: தண்டிலும் வேர் முனையிலும் கண்ணுக்குத் தெரியாத மாவுத் துணுக்குகள் இருக்கின்றன. செடி சாய்ந்தால், கூடையைச் சாய்த்ததும் கல் உருளுகிற மாதிரி அவை கீழ்ப்பக்கமாகப் போய்ப் படியும். கீழ் எது, மேல் எது என்று செடிக்கு அதிலிருந்து தெரிகிறது. தண்டின் கீழ்ப்பக்கம் வேகமாக வளர்ந்து நுனியை மேலே தள்ளும். வேர் இதற்கு நேர் எதிராகச் செய்து மண்ணுக்குள் போகும். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். சகாயமேரி சிரிக்கவில்லை.

எண்பத்தைந்தில் பண்ணையை மூடினார்கள். அதற்குப் பிறகு புருஷனோடு கிணறு வெட்டுகிற கூட்டத்தில் சேர்ந்தாள். மழை பொய்த்த காலம். பாலக்கோட்டைச் சுற்றி எல்லாக் காட்டிலும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வேலை கரையில் நிற்பது. உள்ளே இருக்கிறவர்கள் கத்துவதைக் கேட்டு, கிரேன் ஓட்டுகிற காளியப்பனுக்குக் கை காட்டுவாள். மேலே வந்த இரும்புத் தொட்டியைக் கவிழ்ப்பாள். பக்கத்தில் புளிய மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது; அதுதான் கூட்டத்துக்கு ஆபத்து மணி. அதை விடாமல் அடித்தால் உள்ளே இருப்பவர்கள் கேள்வி கேட்காமல் மேலே ஏறிவிட வேண்டும். மேஸ்திரி தலையாட்டாமல் அதைத் தொடக் கூடாது.

மேஸ்திரி தீர்த்தகிரிக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்பது கிணறு பார்த்தவர். இடது கையில் இரண்டு விரல் இல்லை, வெடியில் போனது. சகாயமேரி நேரே அவரிடம் போனாள்.

"மேஸ்திரிண்ணா, மேக்காலக் கரை நகருதுங்க."

"யாரு சொன்னா?"

"ஆமணக்கப் பாத்தேங்க. மொதத் தடவ பத்து நாளைக்கு முந்திச் சாஞ்சிருக்குது. ரெண்டாந்தடவ நேத்தோ முந்தாநேத்தோ. இன்னும் நிக்கலீங்க, நகந்துக்கிட்டே இருக்குது."

"காத்துக்குச் சாஞ்சிருக்கும்."

"காத்துன்னா கெழக்காலக் கரையில இருக்கறதும் சாஞ்சிருக்கணுமில்லீங்க? அது நேரா நிக்குது."

"கெணத்துப் பக்கம் வெளிச்சம் ஜாஸ்தி. வெளிச்சத்துக்குத் தலைய நீட்டும். இது கூடவா தெரியாது?"

"வெளிச்சத்துக்குப் போனா நுனிதாங்க கெணத்தப் பாத்துப் போவும். இங்க அடி போயிருக்குது. நுனி அதுக்கு எதிராத் திரும்பி மேல போவுது. செடி நிக்கற மண்ணு சாஞ்சாத்தான் இப்பிடி வரும். வந்து பாருங்க."

தீர்த்தகிரி எரிச்சலோடுதான் வந்தார். ஆனால் வரும்போதே தன் பெட்டியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டார். கரைச் சுவர் கட்டும்போது நேர் பார்க்கிற குண்டு அது. நூலை மூன்றாவது செடியின் நுனியில் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. நுனித் தண்டு நூலோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. மேல் வளைவில் பிரிந்தது. கீழ் வளைவில் இன்னும் பிரிந்தது. அடியில் நூலுக்கும் தண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அடுத்த செடியில் பார்த்தார், அதே நாலு விரல். அதற்கடுத்ததிலும் அப்படியே.

பத்து நாளைக்கு முன்னால்தான் பாறையில் எட்டுக் குழியில் ஒரே நேரத்தில் வெடிமருந்து வைத்து வெடித்திருந்தார்கள். அது இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. தீர்த்தகிரி கடப்பாரையை எடுத்துக் கரை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் கெட்டியாகத்தான் இருந்தது. வெடிப்பு எங்கும் கண்ணில் படவில்லை. செடிகளுக்குப் பின்னால் வாய்க்கால். அதற்குப் பின்னால் காய்ந்த கரும்புச் சோகையும் கிணற்றுக் கல்லுமாகக் கலந்து கொட்டிய குவியல்.

அந்த நேரத்தில் ராணியம்மாள் வந்தாள். புருஷன் இல்லாமல் நாலு ஏக்கரைத் தானே பார்க்கிறவள். கூட்டுறவு ஆலைக்குப் பதிந்த கரும்பு அவளுடையது. தோகை நுனியெல்லாம் காய்ந்து நின்றது.

"மேஸ்திரி, ராத்திரி மூலையில ஊத்து கசிஞ்சிருக்குது, பாத்தியா? கையளவு தண்ணி நிக்குது. இன்னும் மூணடி போனா வந்துரும். பத்து நாளு தாண்டுனா என் கரும்பு அடுப்பெரிக்கத்தான் ஆவும்."

தீர்த்தகிரி தூக்குக்குண்டின் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "இன்னிக்கு ஆறு குழி மட்டும் போட்டு, லேசா மருந்து வெச்சு வெடிச்சிர்றேங்க. நாளைக்கு இந்தக் கரையப் பாத்துக்கலாம்" என்றார்.

"வெடிச்சா அதுவே தள்ளிவுட்டுருமுங்க" என்றாள் சகாயமேரி.

"நீ போயி தொட்டியப் பாரும்மா."

அவள் போய் நின்றாள். கீழிருந்து சம்மட்டிச் சத்தம் வர ஆரம்பித்தது. சவரி கம்பியைப் பிடித்துத் திருப்ப, அருள்நாதன் அடிக்கிறான். அடிக்கு அடி 'ணங்' என்று பாறைச் சத்தம். முதல் தொட்டி மேலே வந்தது. கவிழ்த்தாள். இரண்டாவது வந்தது. காளியப்பன் ஏதோ கேட்டான். அவள் காதில் விழவில்லை. எட்டு மணி, ஒன்பது மணி. வெயில் ஏறியது. மேற்குக் கரைச் சுவரை விட்டு அவளுடைய கண் நகரவில்லை. சின்னதாக ஒரு சுக்காங்கல் சுவரிலிருந்து கழன்று, படிக்கட்டில் பட்டு, உள்ளே விழுந்தது. கிணறு என்றால் கல் விழத்தான் செய்யும். யாரும் தலையைத் தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அப்புறம் கைப்பிடி மண், தூறல் போல.

பத்தரை மணிக்கு நான்கு குழி முடிந்துவிட்டது என்று கீழிருந்து குரல் வந்தது. தீர்த்தகிரி மருந்துப் பெட்டியைத் திறப்பதற்குக் கூட்டம் தங்கியிருந்த வயலோரக் கொட்டகைக்குப் போனார். மூன்றாவது தடவை மண் உதிர்ந்தது. இந்தத் தடவை அது நிற்காமல், மணல் கடிகாரத்தில் இறங்குவதைப் போல ஒரே இடத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

"சேசுவே, மாதாவே" என்றாள் சகாயமேரி. புளிய மரத்துக்கு ஓடி, இரும்புக் கம்பியை எடுத்துத் தண்டவாளத்தை அடிக்க ஆரம்பித்தாள். விடாமல் அடித்தாள். காதைப் பிளக்கிற சத்தம் கிணற்றுக்குள் போய் எதிரொலித்தது.

சம்மட்டிச் சத்தம் நின்றது. படிக்கட்டில் நாலு பேர் ஏறி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. முதலில் அருள்நாதன் வந்தான். அப்புறம் இரண்டு ஆட்கள். சவரி கடைசி. அவன் பாதிப் படியில் ஒரு விநாடி நின்று மேலே பார்த்ததை அவள் கண்டாள். அவனும் ஏறிவந்தான். அப்போதுதான் அடிப்பதை நிறுத்தினாள்.

தீர்த்தகிரி ஓடி வந்தார். "யாரு அடிச்சது? நான் சொன்னனா?"

"நாந்தாங்க அடிச்சேன்."

எல்லாரும் மேற்குக் கரையைப் பார்த்தார்கள். கரை அசையாமல் இருந்தது. உதிர்ந்துகொண்டிருந்த மண்ணும் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. காளியப்பன் எஞ்சினை அணைத்துவிட்டான். அந்த நிசப்தம் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது போல் இருந்தது. ஆட்களில் ஒருவன் நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டே, "விளையாட்டாக்கா இது? படியில வழுக்கியிருந்தா செத்திருப்பேன்" என்றான்.

தீர்த்தகிரியின் முகம் கறுத்துவிட்டது. "ஒரு தடவ பொய்யா அடிச்சா, அடுத்த தடவ நெசமா அடிக்கறப்ப ஒருத்தனும் ஏற மாட்டான். அது தெரியுமா உனக்கு? நாலு பேரு உசுரு அந்த மணியில இருக்குது. நாளையிலேருந்து நீ வேலைக்கு வர வேணாம்."

சவரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மேரி, எதுக்கு இப்பிடி மானத்த வாங்கற?" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

ஆட்கள் தண்ணீர் குடித்தார்கள். பீடி பற்ற வைத்தார்கள். பீடி முடிந்ததும் இறங்குவதுதான் பாக்கி. சகாயமேரிக்கு இருந்தது அந்த நேரம்தான். கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனாள். கரை விளிம்புக்கு வராமல், குவியலுக்குப் பின்னால் சுற்றி வந்து, கரும்புச் சோகையை இழுத்துத் தள்ள ஆரம்பித்தாள். கரை சாய்ந்தால் அது எங்கேயோ விட்டுப்போயிருக்க வேண்டும். விட்டுப்போன இடம் செடிகளுக்கும் வயலுக்கும் நடுவேதான் இருக்க முடியும். பார்வைக்குக் கிடைக்கவில்லை என்றால் இந்தக் குப்பைக்கு அடியில்தான்.

வாய்க்கால் பக்கம் வந்ததும் அவளுடைய கை நின்றது. காலையில் கிணற்றிலிருந்து இறைத்துவிட்ட ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலின் இந்த முனையில் இன்னும் வடிந்து வந்துகொண்டிருந்தது. அந்த முனையில் ஈரமே இல்லை. கரும்பு வயலின் முதல் பாத்தி காய்ந்து கிடந்தது. தண்ணீர் நடுவில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. சோகையை இரண்டு கையாலும் வாரிப் போட்டாள்.

அங்கே இருந்தது. இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு, கரைக்கு இணையாக, வடக்கும் தெற்குமாக ஓடியது. வாய்க்கால் தண்ணீர் அதன் வாயில் சுழித்து, தொண்டையில் இறங்குகிற மாதிரி சத்தத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மேஸ்திரிண்ணா!"

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, தீர்த்தகிரி பீடியைப் போட்டுவிட்டு வந்தார். வெடிப்பைப் பார்த்தார். தூக்குக்குண்டை எடுத்து அதற்குள் விட்டார். நூல் போய்க்கொண்டே இருந்தது. அவர் கையில் சுற்றியிருந்த நூல் முழுவதும் அவிழ்ந்து, கடைசி முடிச்சு விரலில் மாட்டியது. குண்டு எதிலும் தட்டவில்லை.

"பன்னெண்டடி நூலு" என்றார் மெதுவாக. அப்புறம் திரும்பி, "டேய், யாரும் கரைப் பக்கம் வராதீங்க! தண்ணிய நிறுத்து! மடைய மாத்து!" என்று கத்தினார்.

வடக்குக் கரையில் நின்ற கிரேனை அன்று முழுக்க அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுத்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களையும் சேர்த்து எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, காளியப்பன் சக்கரத்துக்குக் கல் கொடுத்துக்கொண்டே போனான். ஒவ்வொரு தடவை இரும்பு முனகும்போதும் எல்லாருடைய தலையும் மேற்கே திரும்பியது. பொழுது சாய்வதற்குள் கிரேன் முப்பதடி தள்ளிப் போய்விட்டது. ஜம்பர் கம்பிகளும் இரண்டு சம்மட்டியும் கிணற்றுக்குள்ளேயே கிடந்தன. யாரும் எடுக்கப் போகவில்லை.

ராணியம்மாள்தான் ஒப்புக்கொள்ளவில்லை. புதன்கிழமை காலையில் வந்து கரையைப் பார்த்தாள். விழவில்லை. "வெடிப்பு எந்தக் கெணத்துலதான் இல்ல? காஞ்ச பூமி வெடிக்காம என்னா பண்ணும்?" என்றாள். தீர்த்தகிரி அசையவில்லை. புதன்கிழமை முழுக்கக் கூட்டம் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. சவரி கொட்டகையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கொடுத்த களியைத் தின்றுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அருள்நாதன் மட்டும், "அண்ணி, அது விழலைன்னா நம்ம கதி என்னா?" என்று கேட்டான். விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. ஒரு பெண்பிள்ளையின் கிணறு அது, அவளுடைய கரும்பு அது. விழக் கூடாது என்று வேண்டவும் முடியவில்லை. ஜெபமாலையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை ராணியம்மாள் பாலக்கோட்டிலிருந்து வேறொரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவன் நாலு ஆட்களோடு டிராக்டரில் வந்தான். கரையைக் காலால் உதைத்துப் பார்த்தான். "மதியத்துக்கு மேல எறங்கிரலாமுங்கம்மா, இடுப்புல கயிறு கட்டி எறங்குனா பயமில்ல" என்றான். தீர்த்தகிரி அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அவன் சிரித்தான்.

சகாயமேரி ராணியம்மாளிடம் போனாள். "அம்மா, ஒரே ஒரு தடவ வந்து இந்தச் செடியப் பாருங்க. அப்பறம் உங்க இஷ்டம்" என்றாள். ராணியம்மாள் வேண்டாவெறுப்பாக வந்து, வெடிப்புக்கு இந்தப் பக்கமாகவே நின்று பார்த்தாள். செவ்வாய்க்கிழமை நேராக இருந்த நுனிகள் அன்றைக்கு நேராக இல்லை. ஏழு நுனியும் ஒன்றுபோலக் கிணற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தன.

"இதுங்க நேத்து சாயங்காலம் வரைக்கும் நேராத்தாங்க இருந்துச்சு. நுனி சாஞ்சா அரை நாளுல மேல திரும்பிரும். இன்னும் திரும்பவே ஆரம்பிக்கல. அப்பன்னா கரை சாஞ்சு கொஞ்ச நேரந்தான் ஆவுது. இன்னிக்குக் காலையில சாஞ்சிருக்குது. நாம இப்ப நின்னு பேசறப்பவே சாயுதோ என்னமோ."

ராணியம்மாள் அவளையே பார்த்தாள். அந்த அம்மாளும் பயிர் பார்த்து வளர்ந்தவள்தான். காற்றில் படுத்த கரும்பு தானாகத் தலை தூக்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அவள் திரும்பிப் போய், டிராக்டரில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியிடம், "இன்னிக்கு வேணாம், போயிட்டு நாளைக்கு வா" என்றாள்.

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குக் கரை போயிற்று.

முதலில் சத்தமே இல்லை. கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழி திடீரென்று கத்திக்கொண்டு பறந்தது. வெடிப்பு கைப்பிடி அகலமாயிற்று, முழ அகலமாயிற்று. நாற்பதடி நீளக் கரை, படிக்கட்டோடும் வாய்க்காலோடும் ஏழு ஆமணக்கோடும், மெதுவாகத் தலை குனிகிற மாதிரி உள்ளே சரிந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. புழுதி புளிய மரத்துக்கு மேலே எழும்பியது. அது அடங்கியபோது அறுபதடிக் கிணறு இருந்த இடத்தில் பாதி பள்ளந்தான் இருந்தது. பாறையும் ஊற்றும் நான்கு குழியும் முப்பதடி மண்ணுக்கு அடியில் போய்விட்டன.

ராணியம்மாள் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் அவளைத் தேற்றவில்லை. தீர்த்தகிரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பொழுது விழுந்த பிறகு சவரி வந்து சகாயமேரி பக்கத்தில் உட்கார்ந்தான். மூன்று நாளில் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். "நீ மணி அடிச்சப்ப பாதிப் படியில நின்னேன். நீதான் அடிக்கறேன்னு பாத்துட்டேன். திரும்பி எறங்கிரலாமுன்னு நெனச்சேன் மேரி." அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் தீர்த்தகிரி வந்தார். சகாயமேரி உட்காரச் சொன்னாள், அவர் உட்காரவில்லை. "அந்த மணிய நான் அடிச்சிருக்கணும். செடியப் பாத்தப்பவே அடிச்சிருக்கணும்" என்றார். "நீ வேலைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவள் போனாள். எண்பத்தொன்பது வரைக்கும் அந்தக் கூட்டத்தோடு இருந்தாள். புதுக் கிணற்றுக்குப் போனால் தீர்த்தகிரி முதலில் அவளோடு சேர்ந்து கரையை ஒரு சுற்றுச் சுற்றிவருவார். செடி இல்லாத கரையாக இருந்தால் ஆமணக்கு விதையை ஊன்றச் சொல்லுவார். மற்ற மேஸ்திரிகள் கேலி பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஊரில் எல்லாரும் அவளை நல்லவிதமாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. அவள் வாய் வைத்துத்தான் கரை விழுந்தது என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சந்தையில் ஒரு பெண் அவளைக் கண்டதும் குழந்தையை மறைத்துக்கொண்டாள். ராணியம்மாளின் கரும்பு காய்ந்துதான் போயிற்று. ஆனி கடைசியில் மழை பெய்ததும் அந்த நிலத்தை உழுது ராகி விதைத்தாள்.

அடுத்த வருஷம் ராணியம்மாள் வயலின் கிழக்கு மூலையில் புதுக் கிணறு தோண்டத் தீர்மானித்தாள். சகாயமேரியைத் தேடிக்கொண்டு அவளே வந்தாள்.

"அந்த மூலையில எந்த எடத்துல தோண்டுனா தண்ணி வரும், நீ வந்து பாத்துச் சொல்லு. உனக்குத் தெரியும்" என்றாள்.

"எனக்குத் தண்ணி பாக்கத் தெரியாதுங்கம்மா" என்றாள் சகாயமேரி. "தெரியாதத எப்பிடிங்க சொல்லுவேன்?"

ராணியம்மாள் நம்பவில்லை. வேண்டுமென்றே மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கோபமாகப் போனாள். ஆனாலும் கிணறு வெட்டுகிற வேலையைத் தீர்த்தகிரிக்கே கொடுத்தாள். சவரியும் அருள்நாதனும் உள்ளே இறங்கினார்கள். சகாயமேரி கரையில் தொட்டி கவிழ்த்தாள். நாற்பத்தெட்டு அடியில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் உப்புக் கரித்தது, ஆனால் பயிருக்கு ஆயிற்று.